விஆர் கற்க அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் கிராமம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹெட்செட் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்து பார்க்கும் விஆர் (மெய்நிகர்) உலகங்களை உருவாக்கக் கற்று வருகிறேன். சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனம் ஆறு மாதக் கோர்ஸுக்கு 1.5 லட்சம் கேட்கிறது. கடனும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். கம்ப்யூட்டர், ஹெட்செட்டுக்கு இன்னும் 1.3 லட்சம் வேண்டும். அதற்கு அம்மாவின் ஆறு பவுனை விவசாய நகைக்கடனில் வைக்கலாம், வட்டி குறைவு என்கிறார் அப்பா. அவர் ஒன்பது மா நிலத்தில் (சுமார் மூன்று ஏக்கர்) சம்பா நெல் போடுகிறார். வைக்கலாமா?

பதில்: தம்பி, அந்த நகையைத் தொடாதீர்கள்.

வட்டி குறைவு என்று அப்பா சொல்வது சரிதான். உழவர் கடன் அட்டை வழியாக வாங்கும் பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். ஆனால் அது சாகுபடிக்காகக் கொடுக்கும் சலுகை. அதை வாங்கி ஹெட்செட் வாங்குவது முறையல்ல. அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. நடவுக் கூலி, உரம், ஐப்பசி மழையில் பயிர் மூழ்கினால் மறுநடவு என்று அப்பாவுக்குப் பணம் தேவைப்படும்போது ஓடிப்போய் வைக்க உங்கள் வீட்டில் இருப்பது அந்த ஆறு பவுன்தான். 2018 கஜா புயலுக்குப் பிறகு, அவசரத்துக்கு வைக்க நகை மிஞ்சியிருந்த வீடுகள் எப்படி நிமிர்ந்தன என்று உங்கள் ஊரிலேயே கேட்டுப் பாருங்கள்.

அடுத்து அந்த நிறுவனம். அவர்கள் ஏற்பாடு செய்யும் கடன் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ விழும். கோர்ஸ் பிடிக்காமல் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. 1.5 லட்சத்துக்கு 14 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் மாதம் சுமார் 5,130 ரூபாய், மொத்தம் 1.85 லட்சத்தைத் தொடும். மாணவருக்கு இது கனமான சுமை.

சரி, அப்போ எப்படித்தான் கற்பது? இந்தத் தொழிலின் முக்கியக் கருவிகள் இலவசம். முப்பரிமாண உருவங்களைக் கட்டும் பிளெண்டர் மென்பொருள் முழுக்க இலவசம். அந்த உருவங்களை நடந்து பார்க்கும் உலகமாக்கும் யூனிட்டி மென்பொருளின் தனிநபர் பதிப்பும், ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டும்வரை இலவசம். ஹெட்செட் இல்லாமலே கீபோர்டு, மவுஸை வைத்து விஆர் காட்சிக்குள் நடந்து பார்க்க யூனிட்டியில் சிமுலேட்டர் இருக்கிறது. மன்னார்குடி ஹரித்ரா நதித் தெப்பக்குளத்தின் ஒரு படித்துறையைப் போனில் எல்லாப் பக்கமும் படமெடுங்கள். பிளெண்டரில் அந்தப் படிகளைக் கட்டி, கல்லின் பாசியும் தேய்மானமும் தெரிய மேற்பரப்பு கொடுத்து, யூனிட்டியில் ஏற்றுங்கள். அப்புறம் உருவத்தைக் கட்டியிருக்கும் சின்னச் சின்ன முக்கோணங்களைக் குறைத்துக் குறைத்து, நொடிக்கு 72 ஃபிரேம் (படம்) ஓடும்படி செய்யுங்கள். ஓட்டம் தடுமாறினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இப்படி ஒரே படித்துறையை ஒழுங்காக முடித்துக் காட்டுவது, வேலைக்குப் போகும்போது சான்றிதழைவிடப் பெரிதாகப் பேசும் என்பது என் உறுதியான எண்ணம்.

கம்ப்யூட்டர் மட்டும் உண்மையான தேவை. லேப்டாப்பை விட்டுவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப் வாங்குங்கள். அதே காசுக்குக் கூடுதல் திறன் கிடைக்கும், பின்னால் பாகம் மாற்றலாம். இதற்குப் பலர் கவனிக்காத ஒரு வழி உண்டு. வங்கிக் கல்விக் கடனில் கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல, படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டரும் அடங்கும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்துப் பிணையோ நம் பங்குப் பணமோ கேட்பதில்லை. திருப்பிக் கட்டுவதும் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான். கல்லூரியில் போனஃபைடு சான்றிதழும் கடையில் விலைப் பட்டியலும் வாங்கிக்கொண்டு, கல்விக் கடனுக்கான அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். பெற்றோர் வருமானச் சான்றிதழையும் சேர்த்து, வட்டி மானியத்துக்குத் தகுதி உண்டா என்று மேலாளரிடம் கேளுங்கள்.

ஹெட்செட் கடைசியில். 2023 அக்டோபரில் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதே சிப்புடன் குவெஸ்ட் 3எஸ் 299 டாலருக்கு வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக மலிவு மாடல் வந்துவிடும் பொருளைக் கடனில் வாங்கக் கூடாது. தை, மாசியில் அறுவடையாகி, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறி, பயிர்க்கடனை அடைத்தது போக மிஞ்சினால் வாங்குங்கள். அதுவரை நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து பழைய ஹெட்செட் ஒன்றை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

பயிற்சி நிறுவனத்தில் முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் போகட்டும். அந்தப் பணத்துக்காகக் கடன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.