பின் டயரில் எத்தனை பிஎஸ்ஐ? ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய மவுன்டன் பைக் ஒன்றில் சீட்டை முழுக்க இறக்கிவிட்டு ட்ரையல்ஸ் (காலைத் தரையில் ஊன்றாமல் தடைகளைத் தாண்டும் சைக்கிள் விளையாட்டு) பழகுகிறேன். நின்ற இடத்தில் சமநிலை வந்துவிட்டது. பின்சக்கரத்தில் துள்ளுவதுதான் வரவில்லை. இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பின் டயரில் 15 பிஎஸ்ஐ போதும் என்கிறார் ஒருவர், 30-க்குக் கீழே இறக்காதே என்கிறார் இன்னொருவர். ரிம்மை கிரைண்டரால் கீறச் சொல்கிறார்கள். பிரேக்கில் ஆயிலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றவும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதிய எதுவும் கட்டுக்கதை இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சைக்கிளுக்குச் சரி. எந்த சைக்கிளுக்கு என்பதைத்தான் சொன்னவர்கள் விட்டுவிட்டார்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். மகுரா எச்எஸ்33 போன்ற ஹைட்ராலிக் ரிம் பிரேக்கில் (திரவ அழுத்தத்தால் கட்டைகள் ரிம்மைப் பிடிக்கும் வகை) தண்ணீர் ஊற்றுவது ட்ரையல்ஸ்காரர்களிடம் உள்ள பழக்கம். ஆயிலைவிட நீர்த்தது என்பதால் லீவர் லேசாக அழுந்தும், சட்டென்று திரும்பும். உறையாமலும் துருப்பிடிக்காமலும் இருக்க கூலன்ட் கலப்பார்கள். டிஸ்க் பிரேக்கில் இதைச் செய்யவே கூடாது. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் சூடேறித் தண்ணீர் ஆவியானால் லீவர் ஹேண்டில்பார் வரை அழுந்தும், சைக்கிள் நிற்காது. இதைவிட மோசமானது ‘எந்த பிரேக் ஆயிலும் ஓடும்’ என்ற பேச்சு. மினரல் ஆயில் பிரேக்கில், கார்களில் ஊற்றும் வகையான டாட் திரவம் போனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். மாற்றிச் செய்தாலும் அதே கதைதான். எது வேண்டும் என்பது பெரும்பாலும் லீவரின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

பிரேக் நன்றாகப் பிடிக்க ரிம்மைக் கீறிச் சொரசொரப்பாக்குவது ரிம் பிரேக் உள்ளவர்களுக்கு. உங்களுடையது டிஸ்க் என்றால் மறந்துவிடுங்கள். ரிம் பிரேக்தான் என்றாலும், சாதாரண மவுன்டன் பைக் ரிம்மின் பக்கச்சுவர் ட்ரையல்ஸ் ரிம் அளவுக்குத் தடிமனாக இருக்காது. ஆழமாகக் கீறினால் பலவீனப்படும். சீராகக் கீறாவிட்டால் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் வெடுக்கென்று பிடிக்கும். கீறிய ரிம்முக்கான பிரேக் கட்டையும் வேறு; சாதாரணக் கட்டை சீக்கிரம் தேய்ந்துபோகும்.

காற்றழுத்தத்தில் அடுத்தவர் எண்ணை அப்படியே எடுக்க முடியாது. 15 என்றவர் 50 கிலோ எடையுள்ளவராக, 2.5 அங்குல டயர் போட்டவராக இருக்கலாம். 30 என்றவர் 85 கிலோ, 2.1 அங்குல டயர் என்றிருக்கலாம். போதாக்குறைக்கு, 160 பிஎஸ்ஐ வரை காட்டும் பம்ப் மீட்டரில் கீழ்ப்பகுதி அளவு அவ்வளவு துல்லியமாக இருக்காது. எனவே எப்போதும் ஒரே பம்பில் அளந்து 25-இல் தொடங்குங்கள், 2 பிஎஸ்ஐ வீதம் குறையுங்கள். படி விளிம்பில் பின்சக்கரம் இறங்கும்போது ரிம் ‘டக்’கென்று இடித்தால் 2 ஏற்றுங்கள். பக்கவாட்டில் துள்ளி இறங்கும்போது டயர் மடங்கினாலும் அப்படியே. ட்யூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழுந்தால் காற்று குறைவு என்று அர்த்தம். டயர் பந்துபோல எகிறி, விளிம்பில் பிடிக்காமல் வழுக்கினால் காற்று அதிகம்.

இனி துள்ளல். பெடல்கள் கிடைமட்டம், பழகிய கால் முன்னே, பின் பிரேக்கில் ஒரு விரல், கைகள் நீட்டி, இடுப்பு பின் அச்சுக்கு மேலே: இவ்வளவும் எல்லோரும் சொல்வது, சரியும்கூட. முன்னால் விழப்போகும்போது பிரேக்கை விட்டுப் பெடலை அழுத்தி மீளுங்கள், தரை தொடுமுன் பிரேக்கை மறுபடி பூட்டுங்கள் என்பதும் சரி. அப்படியே செய்தும் உங்களுக்கு வராததற்குப் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் காரணமாக இருக்கலாம். பெடல் நின்றாலும் சக்கரத்தைச் சுழலவிடும் ஃப்ரீவீல், ட்ரையல்ஸ் சைக்கிளில் பெரும்பாலும் முன்னால், பெடல் பொருத்திய தண்டான கிராங்கிலேயே இருக்கும். 108 பிடிப்புள்ள (ஒரு சுற்றில் 108 இடங்களில் பிடிக்கும்) ஃப்ரீவீல் என்றால் கிராங்க் அதிகபட்சம் 3.3 டிகிரி சும்மா சுற்றும். 170 மி.மீ. கிராங்கில் அது 10 மி.மீ. பெடல் அசைவு. உங்கள் பின் ஹப்பில் 24 பிடிப்புதான் என்றால், முன் 22 பல், பின் 18 பல்லில் அது 36 மி.மீ. வரை போகும். பெடல் அவ்வளவு தூரம் வெறுமனே இறங்கி முடிப்பதற்குள் முன்சக்கரம் தரைக்கு வந்துவிடும். இதற்கு வழி: பிரேக் பூட்டியிருக்கும்போதே முன் பெடலை விடாமல் அழுத்திவைத்திருங்கள். செயின் இறுகியே இருக்கும், பிரேக்கை விட்ட கணமே உந்தும். நல்ல ஃப்ரீவீல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லாததால் அவர்கள் பாடத்தில் இது விட்டுப்போகிறது.

பாட வீடியோவை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டி பிரேக் விரலைக் கவனியுங்கள். விரல் தெரியாத கோணத்தில் எடுத்த பாடத்தால் பெரிதாகப் பயனில்லை. பதிவு எந்த ஆண்டினது என்றும் பாருங்கள். பழைய பக்கங்களில், கால் ஊன்றுவது போன்ற தவறுகளுக்கான குற்றப்புள்ளி குறைவாக எடுத்தவரே வென்றவர் என்றிருக்கும். யூசிஐ (சர்வதேச சைக்கிள் ஒன்றியம்) போட்டிகளில் இப்போது தடத்தில் குறித்துள்ள வாயில்களைக் கடந்து புள்ளி சேர்க்கிறார்கள்.

காற்றைப் பற்றிய ஆலோசனை தவறானால் ஒரு ட்யூப் போகும். அதைச் சோதித்துப் பார்க்கலாம். செயினில் மட்டும் சோதனை வேண்டாம். முழு பலத்தோடு பெடலை உதைக்கும் நொடியில் செயின் அறுந்தாலோ பல் தாண்டினாலோ உடம்பு ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் மேல் போய் மோதும். ‘செயினைக் கழற்றும்போது எடுத்த ஊசியையே (பின்) திரும்ப அடித்துக்கொள்ளலாம்’ என்பது பழைய தடித்த செயின்களின் காலத்துப் பேச்சு. கியர் சைக்கிளின் மெல்லிய செயினில் அந்த இணைப்பே முதலில் விடும். செயினில் ஓர் ஊசியின் மையத்திலிருந்து இன்னோர் ஊசியின் மையம் வரை 12 அங்குலம் அளந்து பாருங்கள். ஒன்றரை மி.மீ. கூடியிருந்தால் புதுச் செயின் போடுங்கள். அது பழைய பல்சக்கரத்தில் தாண்டினால் அதையும் மாற்றியாக வேண்டும். துள்ளல் பயிற்சியை அதன்பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.