ஏற்காடு ஏறினால் கியர் விழுகிறது, ஷோரூம்காரர் கைவிரிக்கிறார்

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் இருக்கிறேன். 14 மாதத்துக்கு முன்பு 8.6 லட்சத்துக்கு எட்டு சீட் மினிவேன் எடுத்து, டி போர்டில் நானே ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு மட்டும் மைத்துனன் ஓட்டுவான். நாலாவது மாதத்திலிருந்து மலை ஏறும்போது இரண்டாவது கியர் தானாக நியூட்ரலுக்கு விழுகிறது. கூலன்ட் குறைந்து இன்ஜினும் சூடாகிறது. வாரண்டி இன்னும் இருக்கிறது. ஐந்து முறை சர்வீஸுக்கு விட்டும் சரியாகவில்லை. "மலையில் ஓட்டினால் கிளட்ச் தேயத்தான் செய்யும், வாடகை வண்டிக்கு நுகர்வோர் கோர்ட்டும் கிடையாது" என்கிறார்கள். புது வண்டி கேட்கலாமா? டியூ கட்டுவதை நிறுத்திவிடலாமா?

பதில்: டியூவை மட்டும் நிறுத்தாதீர்கள். பைனான்ஸ்காரருக்கும் உங்கள் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை. அவர் வண்டியைத் தூக்கிவிட்டால், உங்கள் கட்சிக்கு இருக்கிற முதல் சாட்சியே போய்விடும்.

வாடகை வண்டிக்கு வழக்கு கிடையாது என்பது சும்மா பயமுறுத்தல். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மைத்துனனால் தொந்தரவு இல்லை. முழுக்க அவனிடமே விட்டிருந்தால்தான் சிக்கல்.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும், சர்வீஸுக்கு விடும்போது ஷோரூமில் புகாரை எழுதித் தருகிற ஜாப் கார்டில். அந்த ஐந்தையும் எடுத்துப் பாருங்கள். "ஜெனரல் செக்கப், ஓகே" என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து இருக்கும். அதை நுகர்வோர் ஆணையத்தில் நீட்டினால் கோளாறே இல்லை என்றுதான் அர்த்தம் வரும். அடுத்த முறை விடும்போது சர்வீஸ் அட்வைசர் டைப் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். "ஏற்றத்தில் இரண்டாவது கியர் நியூட்ரலுக்கு விழுகிறது, கூலன்ட் குறைகிறது, இது ஆறாவது முறை" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே நின்று அதே வரிகளை ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் பலகை இருக்கிறதல்லவா? பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, பலகை, கிலோமீட்டர், கியர் லீவர் மூன்றும் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

கிளட்ச் என்று சொல்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிளட்ச் பிளேட் தேயும் பொருள் என்று பெரும்பாலும் வாரண்டிக்கு வெளியே வைத்துவிடுவார்கள். கியர்பாக்ஸை அப்படித் தள்ள முடியாது. கிளட்ச் போனால் இன்ஜின் இரையும், வண்டி நகராது. லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்து விழுவது வேறு நோய். எந்தப் பாகத்தில் கோளாறு என்று எழுத்தில் கேளுங்கள். வெளி மெக்கானிக்கிடம் மட்டும் பிரிக்கக் கொடுக்க வேண்டாம். "அவன்தான் கெடுத்தான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆணையமே நிபுணர் சோதனைக்கு உத்தரவிடலாம். அதற்கான கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லக்கூடும்.

புது வண்டி? கேட்கலாம், ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். பழுதான பாகத்தை மாற்றினால் போதுமென்றால் முழு வண்டியையும் மாற்றச் சொல்ல வேண்டியதில்லை என்று மாருதி உத்யோக் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் வண்டி அல்லது பணம். இல்லாவிட்டால் புது கியர்பாக்ஸ், அதற்குத் தனி வாரண்டி, வண்டி நின்ற நாட்களின் வருமானம் என்று படிப்படியாகக் கேளுங்கள். வருமானத்துக்கு சவாரி நோட்டு, ஜிபே வரவு இரண்டும் வேண்டும்.

டீலர், தயாரிப்பாளர் இருவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் கொடுங்கள். அப்புறம் சேலம் மாவட்ட ஆணையத்தில் இருவரையும் சேர்த்து மனு போடலாம். ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் போதும். உங்கள் வண்டியின் விலைக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய். காலக்கெடு 2 ஆண்டு. முதல் புகார் தேதியிலிருந்து எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு, அதில் 10 மாதம் ஏற்கெனவே போய்விட்டது.