மருதாணி மட்டும் போட்டால் நரைமுடி கறுக்குமா?

கறுக்காது. மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற சாயம் முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நரையைச் செம்பட்டையாக்கும், அவ்வளவுதான். கருப்பு வேண்டுமென்றால் மருதாணிக்கு அப்புறம் நீலச் சாயம் தரும் அவுரிச் செடியின் இலைப்பொடியும் போட வேண்டும். முதல் நாள் இரவே மருதாணிப் பொடியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து வைத்து, மறுநாள் தலையில் 2, 3 மணி நேரம் ஊறவிட்டு வெறும் தண்ணீரில் அலசுங்கள். அவுரியை இப்படி இரவெல்லாம் வைத்தால் வீண்; வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து 10, 15 நிமிடத்தில் பூசிவிட வேண்டும், புளிப்பு எதுவும் சேரக் கூடாது. அலசியதும் லேசாகப் பச்சையடித்தால் பயப்படாதீர்கள், காற்றுப் பட்டு ஓரிரு நாளில் கறுக்கும், அதுவரை ஷாம்பு வேண்டாம். ‘கருப்பு மருதாணி’ பாக்கெட்டை மட்டும் நான் தொடமாட்டேன், அதில் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம், சிலருக்கு அது கடும் ஒவ்வாமை தரும்.