சூரிய மின்கலத்தில் ‘நானோ’ என்பது விளம்பரச் சொல்தானா?

சூரிய மின்கலங்களில் நானோ பொருட்கள் உண்மையிலேயே பயன்படுகின்றனவா, அல்லது ‘நானோ’ என்பது விளம்பரச் சொல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலை ஆய்வேட்டுக்காகச் சாயமூட்டிய சூரிய மின்கலங்களைக் கையால் செய்து பார்த்தவன் என்ற முறையில், அந்த ஒன்றைக் கொண்டே விடை சொல்கிறேன்.

இந்தக் கலங்களின் அடிப்படைப் பொருள், வெள்ளைப் பெயின்டில் நிறமியாகச் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடு. அது மலிவானது; ஆனால் அது புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிடிக்க அதன்மேல் சாயம் ஏற்ற வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடைத் தொட்டுக்கொண்டிருக்கும் சாய மூலக்கூறுதான் தன் எலக்ட்ரானை அதற்குள் செலுத்த முடியும் என்பதால், சாயத்தைத் தடிமனாகப் பூசிப் பயனில்லை. சமதளப் பரப்பில் ஒற்றை அடுக்காகப் படியும் சாயமோ, விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பிடிப்பதில்லை.

1991இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரெட்செலும் சுமார் 15 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களைச் சுட்டு ஒன்றோடொன்று ஒட்டவைத்து, 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நுண்துளைப் படலமாக்கினார்கள். அதன் உட்பரப்பு, அது பரவியிருந்த கண்ணாடியின் பரப்பைப்போல் பல நூறு மடங்கு. சாயம் எங்கும் ஒற்றை அடுக்காகவே படிந்தும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதி பிடிபட்டது. ஒளியை மின்சாரமாக்கும் திறன் 7 விழுக்காட்டைத் தாண்டியது. இங்கே ‘நானோ’ செய்த வேலை பரப்பைப் பெருக்கியதுதான், அது மிகப் பெரிய வேலை.

நாங்கள் அத்தகைய துகள்களின் பசையைக் கண்ணாடிக் குச்சியால் இழுத்துப் பூசி, 450 டிகிரியில் சுட்டு, நாவற்பழச் சாற்றில் ஊறவைத்தோம். சமதளப் பூச்சில் நிறமே தெரியவில்லை. நுண்துளைப் படலமோ கருநீலமாகிவிட்டது. மின்சாரமாக்கும் திறன் என்னவோ ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான். ஆனாலும் அந்த நிற வேறுபாடு எந்தப் பாடத்தையும்விடத் தெளிவாக எனக்கு விளங்கவைத்தது.

அதே பெரும் பரப்பு ஒரு குறையும் ஆகிறது: எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றுக்குப் போகாமல், சாயம் இழந்த எலக்ட்ரானை ஈடுசெய்யும் கரைசலான மின்பகுளிக்கே கசிவதற்கும் அது வழிவிடுகிறது. மின்பகுளி நீர்மமாக இருப்பதால் உலர்ந்தும் போகும். எங்கள் கலங்கள் சில வாரங்களில் செயலிழந்தன. எனவே 20 விழுக்காட்டைத் தாண்டிய சிலிக்கான் தகடுகளைக் கூரையிலிருந்து இவை அகற்றப்போவதில்லை. மங்கலான அறை ஒளியில்தான் இவற்றின் வலிமை தெரிகிறது: 2017இல் 1000 லக்ஸ் வெளிச்சத்தில் ஏறத்தாழ 29 விழுக்காடு பதிவானது. பேட்டரி மாற்றாமல் இயங்கவேண்டிய சிறு உணரிகளுக்கு அது போதும்.