நடுவில் மொட்டை, ஓரத்தில் பட்டன்: பின் டயரை இன்னும் ஓட்டலாமா?

கேள்வி: பாம்பனில் மீன் எடுத்து உச்சிப்புளி, பெருங்குளம் பக்கம் ஊர் ஊராக விற்கிறேன். வண்டி பழைய ஸ்ப்ளெண்டர், கம்பி வீல். பின்னால் இரண்டு கிரேட், ஐஸோடு சேர்த்து எழுபது கிலோ வரும். பின் டயர் நடுவில் மொட்டையாகிவிட்டது, ஓரங்களில் பட்டன் அப்படியே இருக்கிறது. மெக்கானிக், "ஒரு சீசன் தாங்கும், இல்லாவிட்டால் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுத் தருகிறேன்" என்கிறார். இன்னொருவர், "ஷோரூமில் கழற்றிய டயர், புதுசு மாதிரி, பாதி விலை" என்று ஒன்றைக் காட்டுகிறார். அது ஒரு சைஸ் பெரியது. டியூப்லெஸ் போட்டால் முள் பஞ்சர் தொல்லை விடும் என்றும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
- மண்டபம் ஒன்றிய வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் டயர் முடிந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். ஓரத்தில் பட்டன் இருப்பதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். நேரான சாலையில் போகும்போது தரையைத் தொடுவது நடுப்பகுதி மட்டும்தான். நம் பக்கம் சாலை எல்லாம் நேர்ச்சாலை. ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரை எத்தனை வளைவு இருக்கிறது? அதனால்தான் நடு தேய்ந்து ஓரம் மிஞ்சுகிறது. மழைநீரை ஒதுக்கித் தள்ள வேண்டிய பள்ளங்கள் நடுவில் இல்லை என்றால், ஓரத்தில் எவ்வளவு இருந்தும் அந்த நேரத்துக்கு உதவாது.

இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. நடு தட்டையாகித் தேய்ந்த டயருக்கு இரண்டு பக்கமும் விளிம்பு விழுந்துவிடும். வண்டியைச் சாய்க்கும்போது அந்த விளிம்பைத் தாண்டுகிற இடத்தில் சட்டென்று சரிகிற மாதிரி இருக்கும். பாம்பன் பாலத்தில் ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, பின்னால் கிரேட்டோடு போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தேய்மானத்தை நீங்களே பார்க்கலாம். டயரின் பக்கச்சுவரில், பட்டன் தொடங்கும் விளிம்புக்குக் கீழே, சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேர் மேலே பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். அந்த மேடும் டயரின் மேற்பரப்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. எங்கே அதிகமாகத் தேய்ந்திருக்கிறதோ அங்கே பாருங்கள், நன்றாக இருக்கிற இடத்தில் அல்ல. அப்படியே வால்வையும் பாருங்கள். நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், குறைந்த காற்றில் ஓடி டயர் ரிம் மேல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கச்சுவரில் நெளிநெளியாக வெடிப்பு இருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் டயர் போய்விட்டது. வெயிலில் நிற்கிற வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும்.

முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடுகிறேன் என்கிறாரே உங்கள் மெக்கானிக், அதற்கு வருகிறேன். பழைய ஸ்ப்ளெண்டரில் முன்னும் பின்னும் ஒரே சைஸ், 2.75-18. அதனால்தான் அவருக்கு அந்த யோசனை வருகிறது. ஆனால் சைஸுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணைப் படியுங்கள். கம்பெனி போட்டு அனுப்பும் முன் டயரில் 42P, பின் டயரில் 48P. அந்த 42 என்றால் டயர் 150 கிலோ தாங்கும், 48 என்றால் 180 கிலோ. P என்பது வேகத்துக்கான குறி, மணிக்கு 150 கிலோமீட்டர். உங்களுக்கு அது தேவையே இல்லை, விடுங்கள். எடைக்கான எண்தான் உங்கள் பிழைப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியின் எடையில் பாதிக்குச் சற்று மேல், அறுபது கிலோ என்று வையுங்கள், பின் சக்கரத்தில் இறங்குகிறது. உங்கள் எடையில் பெரும்பங்கு, ஐம்பது கிலோவாவது, அதுவும் பின்னால்தான். இரண்டு கிரேட் எழுபது கிலோ, அது முழுக்கப் பின்னால். கூட்டினால் 180. சரியான பின் டயருக்கே இதுதான் கடைசி எல்லை. அந்த இடத்தில் 150 கிலோ தாங்குகிற முன் டயரைப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது கிரேட்டை மேலே கட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அதற்குத் தக்க டயர் இந்த வண்டிக்கு இல்லை, கிரேட்டைக் குறையுங்கள்.

தேய்ந்த பின் டயர் முன்னால் போவது இதைவிட மோசம். பிரேக் பிடிக்கும்போது எடை எல்லாம் முன்னால் சாய்கிறது, நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதி முன் டயருடையது. பின் டயர் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் டயர் வழுக்கினால் ஆள் கீழேதான்.

அடுத்தது அந்த 'ஷோரூமில் கழற்றிய டயர்'. இதைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன். புது வண்டி வாங்கியவர் அகல டயர் மாட்டிக்கொண்டு பழையதைக் கடையில் விட்டுவிட்டுப் போவது உண்டு. அப்படி உண்மையான டயர் நூற்றில் ஒன்று வரலாம். மீதி எல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வரும். உள்ளே நூல் அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. காற்றடித்து ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பக்கத்தில் கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொண்டு வரும். அதைவிடத் துணிச்சலான வேலை, மொட்டை டயரில் சூட்டுக்கத்தியால் பள்ளம் கீறி, கறுப்புப் பாலிஷ் பூசி விற்பது. அந்தப் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். அச்சில் வார்த்த பள்ளத்தின் ஓரம் மழமழவென்று ஒரே சீராக இருக்கும். கீறிய பள்ளம் சொரசொரவென்று, ஆழம் ஏற்ற இறக்கமாக இருக்கும். குறுக்கே இருக்க வேண்டிய அந்தச் சின்ன மேடு எங்குமே இருக்காது. பாலிஷ் கையில் ஒட்டும். கீறக் கீற ரப்பர் மெலிந்து நூலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. நம் ஊரில் வழியெல்லாம் கிடக்கிற சீமைக் கருவேல முள் அதில் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

சைஸ் பெரியதென்றால் எடை கூடத் தாங்கும் என்று சொல்லியிருப்பார். உங்கள் ரிம் 2.75-க்கு ஏற்ற ஒடுங்கிய ரிம். அகல டயரை அதில் திணித்தால் டயர் உருண்டை வடிவில் கூம்பி நிற்கும், மறுபடியும் நடு மட்டும்தான் தரையைத் தொடும். செயின் கவரிலோ மட்கார்டிலோ உரசவும் கூடும். அதே சைஸில் சரியான எடை எண் உள்ள டயரை வாங்குங்கள், போதும்.

மெக்கானிக்கை அனுப்பி டயர் வாங்காதீர்கள். எல்லா மெக்கானிக்கும் கெட்டவர் என்று சொல்லவில்லை. எந்தக் கடையில் கமிஷன் அதிகமோ அந்தக் கடை டயர்தான் உங்கள் வண்டிக்கு வரும், அவ்வளவுதான். ராமநாதபுரம் போய் நீங்களே நின்று வாங்குங்கள். எம்ஆர்எஃப், சியட், டிவிஎஸ் யூரோகிரிப், அப்போலோ எதுவாக இருந்தாலும் சரி, ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். அப்புறம் தேதி. பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3624 என்றால் 2024-ம் ஆண்டின் 36-வது வாரத்தில் செய்தது. ஒரு பக்கத்தில் காணோம் என்றால் திருப்பிப் பாருங்கள், பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். ஒரு வருடத்துக்குள் செய்ததாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூன்று வருடம் கடையில் கிடந்ததை நான் வாங்க மாட்டேன், அதுவும் வெயில் விழுகிற முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் நிச்சயமாக மாட்டேன். பெரிய ஊரில் போகாத சரக்குதான் கடற்கரை ஊர்களுக்கு வந்து சேர்கிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம். பக்கத்தில் மதுரை வெள்ளரிப்பட்டியிலேயே டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் ஆலை இருக்கிறது. இங்கே எதற்குப் பழைய டயர் வாங்க வேண்டும்?

பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து புது டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில் இல்லாமல் வாங்கினால் அந்தக் குறைவு உங்களுக்கு வந்ததா என்றும் தெரியாது, டயரில் குறை வந்தால் வாரண்டியும் கேட்க முடியாது.

டியூப்லெஸ் பற்றிக் கேட்டதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். உங்களுடையது கம்பி வீல். ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில் ஓட்டை உண்டு, டியூப் இல்லாவிட்டால் காற்று அதன் வழியே போய்விடும். அது மட்டுமல்ல. டியூப்லெஸ்ஸுக்கென்றே செய்த ரிம்மில் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு மேடு இருக்கும். கம்பி ரிம்மில் அது கிடையாது, காற்று குறைந்தால் டயர் உள்ளே சரிந்துவிடும். ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்து டியூப்லெஸ் ஆக்கித் தருகிறோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் நாள் முழுக்க ஒழுகுகிற வண்டியில் கம்பி முனைகள் துருப்பிடிக்கும், பசை விட்டுப்போகும். வேண்டவே வேண்டாம்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. டியூப்லெஸ் என்று அச்சடித்த டயர்தான் கடையில் இருக்கிறது, வேறு இல்லை என்றால், அதையே வாங்கி உள்ளே சரியான சைஸ் டியூப் வைத்துக் கம்பி வீலில் ஓட்டலாம். சைஸும் எடை எண்ணும் பொருந்த வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டியூபை அரிக்கும். பஞ்சரில் உங்களுக்கு எந்த லாபமும் கிடைக்காது, முள் ஏறினால் டியூபில்தான் ஏறும். ஆனால் தவறு ஒன்றும் இல்லை. இதைத் தலைகீழாகச் செய்வதுதான் கூடாது. டியூப் டயரை அலாய் வீலில் டியூப் இல்லாமல் போடவே கூடாது. டியூப்லெஸ் டயருக்கு உட்புறம் காற்றை விடாத ஒரு தனிப் படலம் உண்டு, டியூப் டயருக்கு அது இல்லை. கடைக்காரர், "எல்லாம் ஒன்றுதான் அண்ணே" என்றால் ஒன்றல்ல. டயரிலேயே எழுதியிருக்கிறது, படித்துப் பாருங்கள்.

முள் தொல்லையைக் குறைக்க வழி வேறு. புது டயரோடு புது டியூபும் வாங்குங்கள். பழைய டியூப் ஏற்கெனவே இழுபட்டு நீண்டிருக்கும், புது டயருக்குள் மடிந்து உட்காரும். ரிம்முக்கு உள்ளே ஓடும் ரப்பர் பட்டையை மாற்றச் சொல்லுங்கள். நம் பக்கம் பாதிப் பஞ்சருக்குக் காரணம் முள்ளே அல்ல, துருப்பிடித்துத் துருத்திய கம்பி முனை டியூபைக் குத்துவதுதான். ரிம்மை உப்புத்தூசு போகத் தேய்த்துத் துடைத்த பிறகே மாட்ட வேண்டும். இனிமேல் பஞ்சர் ஆகும்போதெல்லாம் டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்காமல் டியூபை ஏற்ற விடாதீர்கள். ஒடிந்த முள் முனை உள்ளேயே இருந்து மறுநாள் அதே இடத்தில் குத்தும்.

தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் பெரிய பெரிய பட்டன் வைத்த காட்டு டயர் வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நீங்களும் யோசித்தால், வேண்டாம். தாரில் மணல் படர்ந்து கிடந்தால் எந்த டயரும் வழுக்கும், அங்கே வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் மருந்து. தார் ரோட்டில் அந்த டயருக்குத் தரையோடு தொடர்பு குறைவு, பிரேக் பிடித்தால் தள்ளிப்போய்த்தான் நிற்கும்.

காற்றின் அளவு வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. லோடு ஏற்றுகிற உங்களுக்கு, இரண்டு பேர் போவதற்கு எழுதியிருக்கிற அளவுதான் பொருந்தும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எந்தப் பங்கில் போய் நின்றாலும் மெஷின் மேல் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், ஆள் இல்லை என்கிறார்கள், முள் ஓடாத மீட்டரைக் காட்டுகிறார்கள். சாலையில் நிறுத்தி ஹெல்மெட், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கேட்கிறவர்களில் ஒருவர்கூடக் குனிந்து டயரைப் பார்த்து நான் கண்டதில்லை. சொந்த உபயோக பைக் 15 வருடம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் அதிகாரி ஒருவர் வண்டியைச் சுற்றி வருகிறார். அதுவரை நடுவில் எத்தனை மொட்டை டயர் எத்தனை மழைக்காலம் ஓடுகிறது என்று யாருக்கும் கவலை இல்லை. ஆகவே கையடக்கக் காற்று மீட்டர் ஒன்று வாங்கி வண்டிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது பக்கச்சுவரில் இருக்கும் அம்புக்குறி வண்டி ஓடும் திசையில் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். புது டயரின் மேல் வழுவழுப்பு இருக்கும், முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் திருப்பங்களில் நிதானமாகப் போங்கள், முடிந்தால் அந்த இரண்டு நாள் ஒரு கிரேட்டோடு. கழற்றிய பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டாம். பக்கச்சுவரைக் கத்தியால் அகலமாகக் கிழித்த பிறகு கொடுங்கள், கீறிப் பாலிஷ் போட்டு இன்னொரு மீன்காரர் தலையில் கட்டாமல் இருக்கட்டும்.