ஐஸ்கட்டியில் மாதிரி செய்வதும் ஒரு படிப்பா? சுங்கை சிப்புட் தாயாருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

தண்ணீரை அடுக்கடுக்காக உறையவைத்துப் பொருள்களின் மாதிரியை உருவாக்கும் தொழிலுக்கே போவேன் என்று மூன்றாம் படிவத்தில் பயிலும் தங்கள் மகன் பிடிவாதமாக இருப்பதையும், “ஐஸ்கட்டி செய்யவா படிக்க வைக்கிறோம்?” என்று அவன் தந்தையார் சலித்துக்கொண்டதையும் எழுதியிருந்தீர்கள்.

அது விளையாட்டு வேலையன்று. கடுங்குளிர் அறைக்குள் நுண்குழாய் முனையிலிருந்து விழும் நீர் உறைந்த பின்னரே அடுத்த அடுக்கு அதன்மேல் ஏறும். அந்தரத்தில் நீளும் பகுதிகளுக்கு, பனிக்கு முன்பே உருகிவிடும் சர்க்கரைக் கரைசலை உறையவைத்து முட்டுக்கொடுத்து, பிறகு அதை மட்டும் உருக்கி எடுத்துவிடுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்ப்பதைப் போலவே இந்தப் பனி உருவையும் வார்ப்புக்குப் பயன்படுத்தலாம். சூட்டில் விரியும் மெழுகு சில வேளை அச்சையே வெடிக்கச் செய்யும். பனியோ உருகும்போது சுருங்குகிறது. அமெரிக்காவின் மிசௌரி-ரோலா பல்கலைக்கழகத்தில் மிங் லியூவின் குழுவினர் இம்முறையை ஆராய்ந்து வளர்த்தனர்.

ஆனால், இது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து வேலை. இதற்கென்று ஈப்போ தொழிற்சாலைகளில் ஆள் தேடமாட்டார்கள். அவன் படிக்க வேண்டியது இயந்திரவியல் அல்லது உற்பத்திப் பொறியியல். ஆகவே நான்காம் படிவத்தில் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் எடுக்கட்டும். கூடுதல் கணிதம் கடினம் என்று தோட்டத்தில் நாலு பேர் சொல்வதற்காக விட்டுவிட வேண்டாம். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். இயந்திரப் பித்துப் பிடித்த பையன்கள் வரலாற்றில்தான் கோட்டைவிடுகிறார்கள். அதன்பின் ஈப்போவிலுள்ள உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கலாம். பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்டிபிஎம் தேர்வு எழுதி, நிபோங் திபாலிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்துக்கும் முயலலாம்.

இந்தப் பள்ளி விடுமுறையில் வீட்டு ஐஸ்பெட்டியிலேயே அவனைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் கீழ் அடுக்கு இளகும். குளிரவைத்து ஊற்றினாலும் நடுவில் மேடு தட்டும், ஏனெனில் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. அந்த மேட்டை அளந்து, ஏன் என்று யோசித்து எழுதிவைக்கிறானா, இரண்டாம் நாளே சலித்துவிடுகிறானா என்று கவனியுங்கள். எழுதியிருந்தால், நான்காம் படிவப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் பாரத்தில் கையொப்பமிடுவதற்கு முன் அந்த நோட்டுப் புத்தகத்தோடு அவனை அழைத்து வாருங்கள். தந்தையாரும் வந்தால் நல்லது.