ஒரு குழந்தை, இரண்டு மருந்துச் சீட்டு: கேள்வி பதில்

அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்களே என்று தவிக்கும் பெற்றோர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் முடிவே முடிவு.

ஆறு கிலோ குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு டாக்டர் பாராசிட்டமால் 0.7 மில்லி கொடுக்கச் சொன்னார். மறுநாள் இன்னொருவர் 3 மில்லி என்று எழுதினார். நான்கு மடங்கு வித்தியாசம்! யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம், தம்பி. வித்தியாசம் டாக்டர்களிடம் இல்லை, புட்டியில் இருக்கிறது. டிராப்ஸ் என்று விற்பதில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம்தான். டிராப்ஸில் 0.7 மில்லி என்றால் 70 மில்லிகிராம்; சிரப்பில் 3 மில்லி என்றால் 72. ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. ஆக இருவரும் ஒரே அளவைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. இரண்டாவது சீட்டில் உள்ள 3 மில்லியை முதல் சீட்டின் டிராப்ஸ் புட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால் 300 மில்லிகிராம் உள்ளே போய்விடும். வெவ்வேறு பெயரில் இருந்த இரண்டு புட்டியிலும் பாராசிட்டமால்தான் என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு ஓடிவந்த தாய்மார்களை வார்டில் பார்த்திருக்கிறேன். சிரப்பிலேயே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள வகையும் உண்டு. அதனால் "எத்தனை மில்லி?" என்பதோடு நிறுத்தாமல், "எந்தப் புட்டியில்?" என்றும் கேளுங்கள். பழைய புட்டியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பிறந்த மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் தெரிந்தது. பிரசவம் பார்த்த இடத்தில் "ஒன்றுமில்லை" என்று அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் வேறொரு டாக்டர் உடனே லைட்டில் வைத்துவிட்டார். பணத்துக்காகச் சேர்த்துவிட்டார்கள், காலை வெயிலே போதும் என்கிறார் மாமனார்.

மூன்றாம் நாள் பார்த்த குழந்தையும் ஐந்தாம் நாள் பார்த்த குழந்தையும் ஒன்றல்ல, அம்மா. மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமியின் அளவு ரத்தத்தில் முதல் சில நாட்களில் ஏறிக்கொண்டே போகும். எந்த அளவில் லைட்டில் வைப்பது என்பது, குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம், எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்து மாறும். நான்காம் நாளில் கவலையில்லாத அளவு, முதல் 24 மணி நேரத்தில் வந்தால் ஆபத்து. குறைமாதக் குழந்தைக்கு வரம்பு இன்னும் கீழே. மாமனாரின் சந்தேகத்துக்குப் பதில் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கிறது. என்ன அளவு, எத்தனையாவது மணி நேரத்தில் எடுத்தது, இந்தக் குழந்தைக்கு வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். மருத்துவர் அந்த வரம்புகளைக் குறித்த வரைபடத்தைக் காட்டியே விளக்கலாம்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. இந்தச் சிகிச்சைக்கு வழி காட்டியவர் ஒரு செவிலியர். 1956-இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் வார்ட் என்பவர் குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதை மருத்துவர்களுக்குக் காட்டியவர் அவர்தான். அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய நீல விளக்கு. வெயிலில் எவ்வளவு ஒளி பட்டது என்று அளக்க முடியாது. வெற்றுடம்பில் குழந்தை குளிர்ந்துபோகலாம், தோல் வெந்துபோகலாம். விளக்கில் அளவும் உண்டு, கண்ணுக்குக் கட்டும் உண்டு. அளவு வரம்பைத் தாண்டிய பிறகு வெயிலை நம்பி ஒரு நாளைக் கடத்துவது மூளையையும் செவியையும் பணயம் வைப்பதாகும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால், பால் குடிக்க எழுப்பியும் எழாவிட்டால், கீச்சென்று அழுதால் அந்த நேரமே கிளம்புங்கள்.

ஐந்து மாதக் குழந்தைக்குச் சளி, இழுப்பு. ஒருவர் ஆன்டிபயாடிக்கும் நெபுலைசரும் கொடுத்தார். அடுத்தவர் இரண்டும் வேண்டாம், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு போதும் என்கிறார்.

இந்த வயதில் முதல் முறை வரும் இழுப்பு பெரும்பாலும் வைரஸால் வரும் மூச்சுநுண்குழல் அழற்சி. அதுதான் என்றால் இரண்டாமவர் சொன்னதே என் அனுபவத்துக்கும் மருத்துவ வழிகாட்டுதல்களுக்கும் பொருந்துகிறது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் முதலாமவர் நெஞ்சில் வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். "நிமோனியா என்று நினைத்தா கொடுத்தீர்கள்?" என்று அவரிடமே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இந்த இழுப்பு மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கூடிவிட்டுத்தான் குறையும். அந்த நாட்களில் குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 எட்டினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். இருமல் மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் நச்சு கலந்த சிரப்பால் குழந்தைகள் மாண்ட பிறகு, இரண்டு வயதுக்குள் சளி இருமல் மருந்து எழுதவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை மீண்டும் அறிவுறுத்தியது.

என் பேரனுக்குத் தொக்கம் எடுக்கலாம் என்றேன். மருமகள் சண்டைக்கு வருகிறாள். எங்கள் காலத்தில் உரை மருந்தும் தேனும் கொடுத்துத்தானே வளர்த்தோம்?

நீங்கள் வளர்த்த அக்கறையை மதிக்கிறேன், அக்கா. ஆனால் உள்ளே சிக்கியதை எடுக்கிறோம் என்று செய்யும் தொக்கம் வேண்டவே வேண்டாம். வயிற்றை அமுக்குவதிலும் வாய்க்குள் குழல் வைத்து ஊதுவதிலும் குழந்தைக்கு உள்காயம் ஏற்படலாம், கிருமி தொற்றலாம். ஒரு வயது வரை தேன் நாக்கில் தொட்டுவைப்பதும் கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமியின் நச்சு குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். உரை மருந்தும் ஆறு மாதம் வரை வேண்டாம். குளிப்பாட்டுவது, தாலாட்டுவது, இரவில் மருமகளைத் தூங்கவிட்டுத் தோளில் போட்டுக்கொள்வது, இவையெல்லாம் உங்கள் கையால் நடக்கட்டும்.

வயிற்றுப்போக்குக்குப் பாலை நிறுத்தச் சொல்கிறார்கள் வீட்டில். டாக்டர் கொடுக்கச் சொல்கிறார்.

கொடுங்கள். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கரண்டியால் கொடுங்கள். கொஞ்சம் தூள், கொஞ்சம் நீர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். மருத்துவர் எழுதும் ஜிங்க் மருந்தை, போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை தொடருங்கள்.

கேள்வி கேட்டால் டாக்டர் முகம் சுளிக்கிறார். கேட்காமல் வந்துவிட்டு இரவெல்லாம் அழுகிறேன்.

உங்கள் அழுகை எனக்குப் புரிகிறது, அம்மா. ஒரு நோட்டில் காய்ச்சல் அளவு, பால் குடித்தது, சிறுநீர் போனது, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். டாக்டரிடம் மூன்றே கேள்வி: என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்? எதைப் பார்த்தால் நான் பயப்பட வேண்டும்? எப்போது திரும்ப வரட்டும்? முந்தைய டாக்டரின் சீட்டை மறைக்காமல் நீட்டுங்கள். இவ்வளவுக்கும் பதில் சொல்லாதவரிடம் மறுமுறை போக வேண்டியதில்லை.

நடு இரவில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. எப்படி முடிவெடுப்பது?

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் எட்டினால் பேச்சே இல்லை, கிளம்ப வேண்டியதுதான். எந்த வயதிலும் பால் குடிக்கவே முடியாமை, எழுப்ப முடியாமை, உதடு நீலம், பச்சை வாந்தி, வலிப்பு இருந்தாலும் அப்படித்தான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பு கொடுத்துக் காத்திருக்காதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் அந்த நோட்டையும் மருந்துப் புட்டிகளையும் பையில் எடுத்து வைக்கட்டும்.